பட்டி தேய்க்கும் சாண்டர்: அலுப்பான வேலைக்கு எவ்வளவு தூரம் துணை வருகிறது?

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, அதில் பெயின்ட் அடிக்கிற நேரம் கொஞ்சம்தான். பழைய பெயின்டைச் சுரண்டணும், விரிசலை அடைக்கணும், பட்டி பார்க்கணும், காய விடணும், தேய்க்கணும், தூசி தட்டணும், அப்புறம் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. நிறம் தேர்ந்தெடுத்த அன்று இருந்த உற்சாகம் இரண்டாவது பட்டியைத் தேய்க்கும்போது இருக்காது. பாதி தேய்த்த சுவரோடு மாதக்கணக்கில் கிடக்கும் அறைகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. மற்ற எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள்தான். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கை தானாக நின்றுவிடுகிறது.

அதனால் சாண்டரை, அதாவது உப்புத்தாள் மாட்டிச் சுவரைத் தேய்க்கும் மின் மிஷினை, எடைபோட எனக்கு ஒரே கேள்விதான். இன்றைக்கு இதை வைத்து வேலை பார்த்தால், நாளைக்கு மறுபடி அந்த அறைக்குள் போக மனசு வருமா? வாட், வேகம், வாரண்டி எல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் வீட்டில் இரண்டு அறைச் சுவர்களையும் கதவுகளையும் இந்த சாண்டரால்தான் தேய்த்தோம். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வாங்கியது 125 மி.மீ. வட்டத் தகடு உள்ள ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இதே அளவில், இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன, நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த வகைக்கே உரியவை. தகடு தன் அச்சில் சுழலும், அதே நேரத்தில் மையம் விலகி ஒரு சின்ன வட்டமும் அடிக்கும். இரண்டும் சேர்வதால் தாளில் இருக்கிற மணல் போன தடத்திலேயே திரும்பப் போகாது, கீறலும் வரிசை வரிசையாகக் கண்ணில் படாது. என்னுடையதில் அந்த விலகல் வட்டம் 2.5 மி.மீ. மரத்தில் கனமாக ஏறிப்போன பெயின்டைக் கழற்றுகிறவர்களுக்கு 5 மி.மீ. உள்ளது வேகமாக அரைக்கும். பட்டிக்கும், பெயின்டுக்கு முன் அடிக்கிற பிரைமருக்கும் 2.5 தாராளம், முடிப்பும் நைசாக வரும்.

வேகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். கையால் தேய்ப்பதைவிட வேகம்தான், சந்தேகமில்லை. ஆனால் என்னை மறுநாளும் வேலைக்கு வர வைத்தது வேகம் இல்லை, தூசி பறக்காததுதான்.

கையால் பட்டி தேய்த்தவர்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் தேய்த்தால் முடிந்தது. புருவத்தில் வெள்ளை, ஜன்னல் கம்பியில் வெள்ளை, கதவை மூடி வைத்திருந்தாலும் அடுத்த அறைத் தரையில் நடந்தால் கால்தடம் விழும். தேய்த்தது அரை மணி, கூட்டித் துடைத்துக் குளித்து முடிக்க அதைவிடக் கூடுதல் நேரம். அப்படியென்றால் ஒரு சாயங்காலம் அரை மணி ஓய்வு கிடைத்தாலும் தேய்க்க யாரும் போக மாட்டார்கள். முழுநாள் லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுவோம். அந்த முழுநாள் வரவே வராது. வேலை நின்று போவது பெரும்பாலும் இப்படித்தான், மனவுறுதியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சாண்டரை வேக்கம் கிளீனரோடு ஓஸ் மாட்டி இணைத்த பிறகு இந்தக் கணக்கு மாறியது. தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத் தூசி எழும்போதே உறிஞ்சப்படுகிறது. மிஷினை அணைத்தால் அறை கிட்டத்தட்ட வேலை ஆரம்பிக்கும் முன் இருந்த மாதிரியே இருக்கிறது. ஓரமாக ஒரு ஈரத்துணி போட்டு இழுத்தால் போதும். அதனால் அரை மணி கிடைத்தால் அரை மணி, இருபது நிமிடம் கிடைத்தால் இருபது நிமிடம் என்று வேலை நகர்ந்தது. மொத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கள் இப்படிச் சில்லறை நேரத்தில்தான் முடிந்தன. இந்தக் கருவிக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மிஷினோடு சேர்த்துக் கொடுக்கிற சின்னத் தூசிப் பெட்டியை நம்பாதீர்கள். மரத்தூளுக்கு ஓரளவு தாங்கும். பட்டித் தூள் மாவு மாதிரி நைசானது, அந்தப் பெட்டியின் துணி வழியாகவே வெளியே வந்துவிடும். வேக்கம் கிளீனரிலும் பை போடாமல் ஓட்டினால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்து, உறிஞ்சும் சக்தி பாதியாகிவிடும். பை போட்டு, ஹெப்பா ஃபில்டரும் இருந்தால் நல்லது. ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படி இருந்தும் நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2, ஏதோ ஒன்று முகத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதில் விளையாடவே கூடாது. பழைய வீடு, பல அடுக்குப் பழைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பரிசோதிக்காமல் சாண்டரைத் தொடாதீர்கள். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதிலும் சின்னக் குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம். ஈயம் இருந்தால் உலர் தேய்ப்பு கிடையாது, அது வேறு ஆட்கள், வேறு முறை. நாங்கள் தேய்த்தது புதிதாகப் போட்ட பட்டியையும், பரிசோதித்துப் பார்த்த கதவுகளையும்தான்.

சரி, தாளுக்கு வருவோம். சாதாரண ஓட்டை போட்ட உப்புத்தாளும் இதில் மாட்டலாம். நான் வலை மாதிரி இருக்கும் மெஷ் தாளுக்கு மாறிவிட்டேன். பின்லாந்தின் மிர்கா கம்பெனி செய்யும் அப்ரானெட் இந்த வகையில் பேர்போனது. துணி வலையின் மேல் மணல் ஒட்டியிருக்கும், முகம் முழுக்கக் காற்று போகும். அதனால் எட்டு ஓட்டை வழியாக மட்டும் உறிஞ்சாமல் தாள் முழுவதும் உறிஞ்சுகிறது, பட்டி அப்பிக்கொண்டு தாள் வழவழவென்று ஆகிவிடுவதும் வெகுவாகக் குறைகிறது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். அடைத்திருந்தால் வேக்கம் ஓஸாலேயே ஒரு இழுப்பு இழுத்தால் திறந்துகொள்ளும்.

ஆனால் மெஷ் தாளை நேராக மிஷினின் வெல்க்ரோ தகட்டில் ஒட்டாதீர்கள். நடுவில் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தகடு வரும், அதைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வலை வழியாக இறங்கும் மணலும் சூடும் வெல்க்ரோவின் கொக்கிகளை மழுக்கிவிடும், அப்புறம் எந்தத் தாளும் நிற்காது. பெரிய தகட்டை மாற்றுவதைவிட இந்த மெல்லியதை மாற்றுவது எவ்வளவோ சுலபம்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. தேய்ப்பு அலுப்பதற்கு இன்னொரு காரணம், செய்தது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே தேய்த்துக்கொண்டிருக்கிறோம். பெயின்ட் அடித்தால் நிறம் தெரியும், டைல்ஸ் ஒட்டினால் வரிசை தெரியும். தேய்ப்பில் ஒன்றும் தெரியாது. எது முடிந்தது, எது பாக்கி என்றுகூடத் தெரியாமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

இதற்குத் தச்சர்களும் கார் பெயின்ட் அடிக்கிறவர்களும் ரொம்ப நாளாகச் செய்துவரும் வழி ஒன்று இருக்கிறது. தேய்க்கப் போகும் இடத்தில் முதலில் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுவது. சுவரில் கை எட்டுகிற அளவுக்கு ஒரு சதுரம் போட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். சாண்டரை வைத்து மெதுவாக நகர்த்தினால் முதலில் மேடான இடங்களில் கோடு போகும். பட்டி பூசும் தகடு இழுத்த வரம்புகளின் முதுகில் கோடு அறுந்து அறுந்து தெரியும், அப்புறம் அதுவும் மறையும். இன்னும் கொஞ்சம் போனால் சதுரத்தின் பெரும்பகுதி வெளுத்து, நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடத்தில் மட்டும் கோடுகள் அப்படியே நிற்கும். அது பள்ளம். அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை, சுற்றியிருக்கிற இடம்தான் குறையும். அந்த இடத்துக்கு இன்னொரு பட்டி வேண்டும் என்று சுவரே சொல்லிவிடுகிறது. வட்டம் போட்டு வைத்துவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போய்விடலாம்.

பென்சில்தான், பேனா வேண்டாம். பேனா மை பெயின்டைத் தாண்டிக் கசிந்து மேலே வந்துவிடும். பென்சிலிலும் அழுத்திப் போடாமல், பக்கவாட்டில் சாய்த்து லேசாக.

உதவிக்கு வந்த என் தங்கை முதலில் இதை நம்பவே இல்லை. சுத்தமான சுவரில் எதுக்கு அக்கா கிறுக்குற என்று கேட்டாள். ஒரு சதுரம் முடித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, “இந்தக் கட்டம் போயிடுச்சு, அடுத்ததுக்குக் கோடு போடு” என்றாள். அதற்கப்புறம் யார் கோடு போடுவது, யார் அழிப்பது என்று எங்களுக்குள் முறை வைத்துக்கொண்டோம். அவள் இருந்த நாட்களில் சுவர் வேகமாக நகர்ந்தது, அதில் பென்சிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இது மனசின் சுபாவம்தான். நுனெஸ், த்ரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. கார் கழுவும் இடத்தில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். சிலருக்கு 8 கட்டம் உள்ள வெற்று அட்டை. சிலருக்கு 10 கட்டம், அதில் 2 ஏற்கெனவே முத்திரை குத்தியது. இரண்டு பேரும் இன்னும் 8 முறை வர வேண்டும், வித்தியாசமே இல்லை. வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முழுசாக முடித்தார்கள், தொடங்கிவைத்த அட்டை வாங்கியவர்களில் 34 சதவீதம் பேர். தூரம் ஒன்றுதான், ஆனால் ஏற்கெனவே கொஞ்சம் கடந்துவிட்டோம் என்று கண் பார்த்துவிட்டால் கால் நடக்கிறது. அதைப் படித்த பிறகு நான் செய்த ஒரு காரியம்: வேலையை நிறுத்தும்போது ஒரு சதுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவேன். புதுத் தாளையும் மிஷினில் மாட்டி வைத்துவிடுவேன். மறுநாள் போனால் அந்தப் பாதிச் சதுரம் அழைக்கும். முழுசாக முடித்துவிட்டு வந்த நாட்களின் மறுநாள்தான் அறைக்குள் போகக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

சாண்டரோடு நான் வாங்கிய இன்னொரு பொருளையும் இதிலேயே சேர்த்துச் சொல்கிறேன், இரண்டையும் பிரிக்க முடியாது. அது கையில் தூக்கிக்கொண்டு போகிற எல்இடி வேலை விளக்கு. சுவருக்கு ஒரு சாண் தூரத்தில், வெளிச்சம் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி வைத்தால் ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து தெரியும். நேரே நின்று பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெரிந்த சுவர், பக்கவாட்டு வெளிச்சத்தில் அலை அலையாக இருக்கும். பெயின்ட் அடித்த பிறகு சாயங்கால வெயிலில் இதைக் கண்டுபிடித்து நொந்துபோவதைவிட இப்போதே பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த விளக்கு இருபக்கமும் வெட்டும். முன்னேற்றம் தெரிவதால் உற்சாகம் தருவதும் இதுதான், வேலையை முடிக்கவே விடாமல் இழுத்தடிப்பதும் இதுதான். அந்தக் கோணத்தில் எந்தச் சுவரும் முழுசாகச் சமமாகத் தெரியாது. தொழிலில் இருப்பவர்களே இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜிப்சம் பலகைச் சுவர்களுக்கு 0 முதல் 5 வரை முடிப்பு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். 5-ஆம் நிலை என்பது சுவர் முழுவதும் மெல்லிய பூச்சு ஓடியது. பளபளப்பான பெயின்டோ கடுமையான பக்கவாட்டு வெளிச்சமோ இருக்கிற இடத்துக்குத்தான் அதைப் பரிந்துரைக்கிறார்கள். மேட் பெயின்ட் அடிக்கப் போகிற சாதாரண அறைக்கு அதற்குக் கீழ் நிலையே போதும். நம் சுவர் சிமென்ட் பூச்சாக இருந்தாலும் இந்த எண்ணம் பொருந்தும். எந்த வெளிச்சத்தில், எந்த பெயின்டில் பார்க்கப் போகிறோமோ அதற்குத் தக்க தேய்த்தால் போதும்.

அதனால் எங்கள் முறை இது. வேலை விளக்கைப் போட்டுக் குறைகளைத் தேடி, பென்சிலால் வட்டம் போட்டு, விளக்கை அணைத்துவிடுவது. வட்டம் போட்டது மட்டும் வேலை. அதை முடித்தபின் அந்த அறையில் வழக்கமாக எரியும் விளக்கில் ஒருமுறை பார்ப்பது, அவ்வளவுதான். மறுபடி வேலை விளக்கைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இல்லையென்றால் நாங்கள் இன்னும் முதல் அறையில்தான் இருந்திருப்போம்.

மிஷினைப் பிடிக்கிற விதம் பற்றிக் கொஞ்சம். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் அழுத்துவார்கள், அழுத்தினால் வேகமாகத் தேயும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அழுத்தினால் தகடு சுழல்வது நின்று, அதிர்வு மட்டும் மிஞ்சும். பன்றிவால் மாதிரி சுருண்ட கீறல்கள் விழும், பெயின்ட் அடித்ததும் அவைதான் முதலில் கண்ணில் படும். தகட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் கை கனமாகிவிட்டது என்று அர்த்தம். வேக்கத்தின் உறிஞ்சும் வேகம் ரொம்ப அதிகமாக இருந்தாலும் தகடு சுவரோடு ஒட்டிக்கொண்டு இதே தொல்லை வரும், அப்போது வேக்கத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

அதிர்வை அலட்சியப்படுத்தாதீர்கள். கையேட்டில் மீட்டர்/வினாடி² என்ற அளவில் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரியாக 2.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 என்பது மீறக் கூடாத எல்லை. நாம் 8 மணி நேரம் தேய்க்கப் போவதில்லை. இருந்தாலும் கடையில் இரண்டு மிஷின் ஒரே மாதிரித் தெரிந்தால் அந்த எண் குறைவாக இருப்பதை எடுங்கள். விரல் மரத்துப் போகிற மிஷின் என்றால் மறுநாள் அதைத் தொடவே தோன்றாது.

சத்தம். காதடைப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாத சத்தம்தான். நான் காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போனைப் போட்டு, அதன் மேல் பெரிய காதடைப்பானை மாட்டிக்கொண்டேன். வெளிச்சத்தம் குறைவதால் இயர்போனை மெதுவாக வைத்தாலே கேட்கிறது. மிஷின் சத்தத்தை மிஞ்சுவதற்காக ஒலியைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. அதில் ஒரு நீளமான தொடர்கதையை ஒலிப்புத்தகமாகப் போட்டேன், தேய்க்கும்போது மட்டும்தான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். கதை எங்கே நின்றது என்ற நினைப்பே பல நாள் சாண்டர் பக்கம் இழுத்துப்போனது.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்டி மில்க்மன் என்ற பேராசிரியரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடிகிற மாதிரி ஒலிப்புத்தகங்களைக் கொடுத்தவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் நாளாக ஆக அந்த வேகம் குறைந்தது, நீண்ட விடுமுறை ஒன்று வந்த பிறகு கரைந்தே போனது. என் அனுபவமும் அதுதான். கதை கைகொடுக்கும், ஆனால் ஒரு வாரம் இடைவெளி விட்டுவிட்டால் கதையும் மறந்துபோகும், வேலையும் ஆறிப்போகும். அதனால் ரொம்பக் களைப்பான நாளில்கூட ஒரு சதுரமாவது தேய்த்துவிட்டுப் படுப்பது நல்லது. தூசி இல்லாத மிஷின் என்பதால்தான் அது முடிகிறது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனமே இல்லை. முதல் குறை, வட்டத் தகடு மூலைக்குள் போகாது. சுவரும் சுவரும் சேரும் இடம், சுவிட்ச் பெட்டிகளைச் சுற்றி, நிலையின் ஓரச்சட்டம், கதவுப் பலகையில் செதுக்கிய பள்ளங்கள், இவை எல்லாமே இன்னும் கைவேலைதான். மிஷினால் சுலபமான சமதளத்தை எல்லாம் முடித்துவிட்டால் கடைசியில் மூலைகள் மட்டும் பாக்கி நிற்கும், அதைவிட அலுப்பான மிச்சம் கிடையாது. நான் வரிசையை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு சதுரத்திலும் முதலில் மூலையை ஸ்பாஞ்ச் உப்புத்தாளால் கையால் முடிப்பது, அதற்கப்புறம்தான் மிஷினை எடுப்பது. பிடிக்காததை முன்னால் முடித்துவிட்டால் மிஷின் ஓட்டுவதே பரிசு மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டாவது, கூரைக்கு இது லாயக்கில்லை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தால் தோள் சீக்கிரம் விட்டுப்போகும். கூரையும் பெரிய சுவர்களும் அதிகம் என்றால் நீளக் கழியோடு வரும் 225 மி.மீ. சுவர் சாண்டரை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டுக் கூரையை நான் கழியில் மாட்டிய கைத்தேய்ப்பானால்தான் முடித்தேன். அந்த வேலைக்கு இந்த சாண்டருக்கு நான் மதிப்பெண்ணே தர மாட்டேன்.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையாகவே எரிச்சலைத் தந்தது. சாண்டரின் தூசிக் குழாயும் வேக்கத்தின் ஓஸும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விட்டம் வைத்திருக்கிறது. பெட்டியின் மேல் வேக்கம் இணைப்பு உண்டு என்று போட்டிருந்தார்கள், எந்த அளவு ஓஸுக்கு என்று போடவில்லை. அதற்குத் தனியாக ரப்பர் அடாப்டர் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கவே முடிந்தது. உற்சாகத்தோடு ஆரம்பிக்கிற நாளில் இப்படி ஒரு முட்டுக்கட்டை போடுவது ரொம்பத் தப்பு. ஒரு சின்ன அடாப்டரைப் பெட்டிக்குள் போட்டுக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் பிளாஸ்டிக் ஓஸில் நிலைமின் ஏறி, கைக்குச் சுருக்கென்று அடிக்கும். ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அடுத்தது எப்போது அடிக்குமோ என்று காத்துக்கொண்டே தேய்ப்பது பெரிய தொல்லை. ஆன்டிஸ்டாட்டிக் ஓஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மின்வயரும் குட்டை. வயரையும் ஓஸையும் சேர்த்து வெல்க்ரோ பட்டையால் கட்டி, தோளுக்கு மேல் போட்டுக்கொண்டால் காலில் சிக்காது.

பட்டி காய்வதற்குக் காத்திருக்கிற நேரத்துக்கு எந்தக் கருவியும் உதவாது. ஆனால் கதவுகளைக் கழற்றி முக்காலிகள் மேல் படுக்கப் போட்டு வைத்திருந்ததால், சுவர் காயும்போது கதவு, கதவின் பிரைமர் காயும்போது சுவர் என்று கை நிற்காமல் ஓடியது. கதவுக்கு இந்த மிஷின் அருமையாகப் பொருந்துகிறது. படுக்கைவாட்டில் மிஷினின் கனமே போதும், கை சும்மா வழிகாட்டினால் சரி.

யாருக்கு இது வேண்டாம் என்றால், ஒரே ஒரு சுவரில் இரண்டு விரிசலை அடைத்துப் பூசப் போகிறவர்களுக்கு வேண்டாம். ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றினால் அந்த வேலை முடிந்துவிடும். ஒரு அறை முழுசாகவோ அதற்கு மேலோ, அதுவும் வேலைக்குப் போய் வந்த மிச்ச நேரத்தில் செய்யப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். பட்ஜெட் இடித்தால் சாண்டரில் கொஞ்சம் இறங்கி வாங்கி, வேக்கத்திலும் ஓஸிலும் இறங்காதீர்கள். நல்ல உறிஞ்சலோடு ஓடுகிற சுமாரான சாண்டர், தூசி கக்குகிற உயர்ந்த சாண்டரைவிட எத்தனையோ மேல்.

தாள் வாங்கும்போது எண் கூடக் கூட மணல் நைசாகும் என்பதை நினைவில் வையுங்கள். பட்டித் தகட்டின் வரம்புகளை எடுக்க பி120, அதன் கீறலைப் போக்க பி180, இந்த இரண்டும் பட்டிக்குப் போதும். பி240 பிரைமர் காய்ந்த பிறகு மேலாக ஒரு தடவு தடவ மட்டும். பழைய வார்னிஷ் கதவு என்றால் பி80-இல் ஆரம்பியுங்கள், ஆனால் அதிலிருந்து நேராக பி180-க்குத் தாவாதீர்கள், நடுவில் பி120 கட்டாயம். கடையை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் வேக்கத்தின் ஓஸை எடுத்துப்போய் சாண்டரின் குழாயில் மாட்டிப் பாருங்கள்.